படையிலிருந்து ஓய்வு பெறுபவர் லிங்க்ட்இன் பக்கத்தை அமைத்துக்கொள்ளும் முறை

சித்தூர், நகரி, சத்தியவேடு, சூலூர்பேட்டை வட்டாரத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து படைக்குச் சென்று ஊர் திரும்புகிறவருக்கு, வங்கியிலோ ஏடிஎம்மிலோ காவல் வேலை என்பதைத் தாண்டி இன்று வழிகள் இருக்கின்றன. ஸ்ரீசிட்டி ஆலைகளுக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் நிறுவனங்களுக்கும் ஆள் எடுப்பவர்கள், வேலைத் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னிலும் தேடுகிறார்கள். 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 25 விழுக்காட்டினருக்கு மேல் நிரந்தரப் பணி கிடையாது என்பதால், நான்கே ஆண்டுகளில் வெளியேறும் இளைஞர்களுக்கு இந்தப் பக்கம் இன்னும் அவசியம்.

பணியில் இருக்கும்போதே அவசரப்பட்டுப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளை நீக்கும்படி ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது நினைவிருக்கும். சமூக ஊடகம் குறித்து உங்கள் யூனிட்டில் நடப்பிலுள்ள விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதுவரை எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, டிஸ்சார்ஜ் ஆன பிறகு பதிவேற்றுவதே நல்லது.

பெயரில் எல்லையோரத்துக்காரர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். தமிழ் வழக்கப்படி தகப்பனார் பெயரின் இனிஷியல், ஆந்திர அலுவலகப் பதிவில் வீட்டுப் பெயர், படைப் பதிவில் விரித்தெழுதிய முழுப்பெயர் என்று ஒரே ஆளுக்கு மூன்று வடிவங்கள் இருப்பதுண்டு. சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வராமலிருக்க, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள வடிவத்தையே பக்கத்திலும் வையுங்கள். படத்துக்குச் சீருடை வேண்டாம். வெளிச்சத்தில் எடுத்த, முகம் தெளிவாகத் தெரியும் சட்டைப் படம் போதும்.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிதான் பக்கத்தின் உயிர். அதற்கு 220 எழுத்துகள் வரை இடமுண்டு. அங்கே ‘ஹவில்தார், எஸ்.கே.டி.’ (ஸ்டோர் கீப்பர் டெக்னிக்கல், அதாவது கிடங்குப் பொருள் கணக்காளர்) என்று படை வழக்கில் சுருக்கி எழுதினால், ஆலையின் மனிதவள அலுவலருக்கு அது ஒன்றுமே சொல்லாது. அந்தச் சொற்களை அவர் தேடவும் மாட்டார். அதே மனிதர் ‘கிடங்கு, இருப்புக் கணக்கு மேற்பார்வையாளர், வாகன உதிரிப்பாகங்கள் பெறுதல், வழங்குதல், 17 ஆண்டு ராணுவ அனுபவம், தமிழ், தெலுங்கு, இந்தி’ என்று எழுதினால் தேடலில் அகப்படுவார். தேடுகிறவர்கள் ஆங்கிலத்தில் தேடுவதால் இதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நீங்கள் விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் ஐந்தாறைப் படித்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களில் உங்களுக்கு உண்மையாகப் பொருந்துபவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுபவப் பகுதியில் பதவிகளை அடுக்குவதைவிட, லெட்ஜர் எழுதியது, ஆண்டுக் கையிருப்புச் சரிபார்ப்புக்குக் கணக்கைத் தயார் செய்தது, புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது என்று கையால் செய்த வேலையை எழுதுவதுதான் பயன் தரும். ஆனால் யூனிட்டின் பெயர், எண், நிலைகொண்டிருந்த இடம், ஆயுத, வாகன எண்ணிக்கை, நடவடிக்கைகளின் விவரம் ஆகியவை ஒருபோதும் வேண்டாம். சீருடையைக் கழற்றிய பிறகும் அலுவல் ரகசியச் சட்டம், 1923 உங்களைக் கட்டுப்படுத்தும். ‘இந்திய ராணுவம்’ என்ற இரண்டு சொற்களே போதிய மரியாதையைப் பெற்றுத்தரும்.

மொழிகளைத் தனியே குறிப்பிட மறக்கக்கூடாது. வீட்டில் தமிழும் ஊரில் தெலுங்கும் படையில் இந்தியும் பழகிய மேற்பார்வையாளர், பல மாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் ஆலைக்கு மிகவும் வேண்டியவர் என்பது என் உறுதியான கருத்து. நகரியிலோ தடாவிலோ குடியிருப்பதாக மட்டும் குறித்தால் சென்னை நிறுவனங்களின் தேடலில் உங்கள் பெயர் வராமல் போகலாம் என்பதால், வேலை தேடுவதை அறிவிக்கும் வசதியில் சென்னை, திருப்பதி, வேலூர் என்று போய்வரக்கூடிய ஊர்களையும் சேருங்கள். அந்த அறிவிப்பை எல்லோருக்கும் காட்டலாம், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டவும் வழியுண்டு.

தொடர்புகளை, உங்களுக்கு முன்பே ஓய்வு பெற்று வேலையில் அமர்ந்த படைத் தோழர்களிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் வேலையை நேரில் கண்ட சுபேதார் சாப் ஓய்வு பெற்று லிங்க்ட்இன்னில் இருந்தால், இரண்டு மூன்று வரியில் ஒரு பரிந்துரை எழுதித் தரும்படி கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டி, முன்பணம் கேட்டாலோ பழைய யூனிட்டைப் பற்றி விசாரித்தாலோ பதில் எழுதாமல் அவரைத் தடுத்துவிட்டு, லிங்க்ட்இன்னுக்குப் புகார் அனுப்புங்கள்.