ஆவணிக் கடைசி வார வானிலை அறிக்கையைக் கடற்கரையிலிருந்து படிக்கும் முறை

ராமநாதபுரம் கடற்கரையில் வாழ்பவர்கள் ஒரு வாரத்துக்கான வானிலை அறிக்கையைக் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை பெரும்பாலும் மழையில் தொடங்கி, வெப்பநிலையைச் சொல்லி, மீனவர்களுக்கான எச்சரிக்கையில் முடிகிறது. ஆவணிப் பிற்பகுதியிலும் புரட்டாசித் தொடக்கத்திலும் நம் கரையில் மழை குறைவு. படகு இறங்குமா, கருவாடு காயுமா என்பதையெல்லாம் முடிவு செய்வது மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுதான். ஆகவே நமக்கு வேண்டிய முதல் செய்தி அந்தக் கடைசி வரிகளில் இருக்கிறது.

அங்கே முதலில் கடற்பகுதியின் பெயரைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும் என்று இருந்தால், அந்த 65-ஐக் கணக்கில் எடுக்க வேண்டும்; படகைக் கவிழ்ப்பது சராசரிக் காற்று அன்று, இடையில் வரும் வீச்சு. பழைய பாம்பன் ரயில் பாலம் ஓட்டத்தில் இருந்த நாட்களில் காற்று 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றுவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த எண்ணின் கனம் விளங்கும். கைபேசிச் செயலிகள் காற்றை நாட் அளவில் காட்டினால் 1.85-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 25 நாட் என்பது ஏறத்தாழ 46 கி.மீ. தென்மேற்குக் காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வருவது என்று பொருள். ஆனால் செயலியின் அம்புக்குறி பொதுவாகக் காற்று போகும் பக்கத்தைக் காட்டும் என்பதால், பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல் உண்டு என்பதை அறிக்கை தனியே எடுத்துச் சொல்லாது. தென்மேற்குக் காற்று வலுக்கும்போது கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா கொந்தளிக்க, அதே நேரத்தில் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் பாக் நீரிணை குளம்போலத் தெரியும். இந்த அமைதியை நம்பிவிடக் கூடாது. அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரம் அலை எழும்பாதே தவிர, உள்ளே போகப் போக அலை வளரும். எஞ்சின் நின்றுபோன வள்ளத்தைக் காற்று வெளியே தள்ளிக்கொண்டே போகும். திரும்பி வரும் பயணம் முழுவதும் எதிர்காற்று என்பதால், எரிபொருளையும் அதற்கேற்ப எடுத்துச் செல்ல வேண்டும்.

காற்றை அடுத்து அலை. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலையின் உயரத்தோடு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியையும் வினாடிக் கணக்கில் தருகிறது. இடைவெளி நீளமாக இருந்தால் அது தொலைவிலிருந்து வரும் அலை. இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையில் பலமாக மோதும். கள்ளக்கடல் எச்சரிக்கை இதைத்தான் சொல்கிறது. அந்த நாட்களில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் நீரில் இறங்காமலும், நாட்டுப்படகுகள் மேட்டில் ஏற்றப்பட்டும் இருக்க வேண்டும்.

இனி மழை வரிக்கு வரலாம். 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாத அளவில் மழை பதிவாகும் என்று பொருள். 'ஒரு சில இடங்களில்' என்றால் பாதி வரை. மாவட்டத்தின் பெயர் இருப்பதாலேயே பாம்பனில் மழை வரும் என்று எண்ணக் கூடாது. இந்தப் பருவத்தில் வெப்பச்சலன மேகம் பகலில் சூடேறிய உள்நாட்டுத் தரையில், பரமக்குடிக்கும் கமுதிக்கும் மேற்கே திரண்டு, மாலையில் மேற்குக் காற்றோடு கரையை நோக்கி நகரும். பல நாள் வழியிலேயே வடிந்துவிடும்.

அந்த மழை வந்து சேரும் நேரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. வானிலைத் துறையின் ஒரு நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. ஓர் ஆண்டு வெள்ளிக்கிழமைக்கு மழை என்று படித்திருந்தும், இரவு பத்து மணி வரை வானம் வெளுத்திருந்ததால், மண்டபத்தில் காயப் போட்ட நெத்திலியை வலையோடு மணலிலேயே விட்டுவிட்டு வந்தோம். விடியற்காலை மூன்று மணிக்குக் கீற்றில் துளி விழும் சத்தம் கேட்டு ஓடினால், மீன் ஊறி, வயிறு வெடித்து, வலைக்கண்களில் ஒட்டிக் கிடந்தது. எங்களுக்குச் சனிக்கிழமையான அந்த மூன்று மணி, அறிக்கைக்கு இன்னும் வெள்ளிக்கிழமைதான்.

ஏழு நாளையும் ஒரே உறுதியோடு படிக்கவும் கூடாது. முதல் மூன்று நாள் கணிப்பை வைத்து வேலையைத் திட்டமிடலாம். நான்காம் நாளிலிருந்து வருவதைப் போக்காக மட்டும் கொண்டு, ஒவ்வொரு நாளும் புதிய அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2025 மே மாதம் தொடங்கப்பட்ட பாரத் முன்னறிவிப்பு அமைப்புகூட 6 கி.மீ. கட்டங்களாகவே நாட்டைப் பார்க்கிறது. ராமேஸ்வரம் தீவின் குறுகிய பகுதியில் அப்படி ஒரு கட்டத்துக்குள் இரண்டு கடலும் நடுவில் உள்ள நிலமும் சேர்ந்தே அடங்கிவிடும்.

மானாவாரி நெல்லுக்குப் புழுதி விதைப்பு செய்பவர்கள், ஒற்றை இடிமழையைக் கண்டு விதையை எடுக்காமல், அடுத்த நாட்களின் அறிக்கையிலும் மழை தொடர்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வாரங்கள் நகர நகர, காற்றின் திசை என்ற சொல்லை மட்டும் தவறாமல் கவனித்து வாருங்கள். மேற்கு, தென்மேற்கு என்று இருந்த இடத்தில் வடகிழக்கு என்ற சொல் சில நாள் தொடர்ந்து வரத் தொடங்கினால் வாடைக்காற்று வந்துவிட்டது. அதன்பின் பாக் நீரிணை கொந்தளிக்க, மன்னார் வளைகுடா அடங்கும், கரை மாற்ற வேண்டிய படகுகளை அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.