வீட்டு அட்வான்ஸ் திரும்பி வரவில்லையா? வக்கீல் இல்லாமல் வழக்குப் போடும் வழி

வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாகிவிட்டது. அட்வான்ஸ் மட்டும் வரவில்லை. கேட்டால், "பெயின்ட் செலவுக்குச் சரியாகிவிட்டது" என்று பதில். இப்படிப்பட்ட சிறு தொகை வழக்குகளுக்கென்றே பல நாடுகளில் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கிறது. கட்டணம் குறைவு, நம் வழக்கை நாமே பேசலாம். கலிபோர்னியாவில் அந்த விசாரணையில் வக்கீல் வந்து வாதாடவே அனுமதி இல்லை. அதனால் பயப்படாமல் இறங்குங்கள்.

1. எங்கே போவது என்று பாருங்கள். எல்லா ஊரிலும் வாடகைத் தகராறு இந்தக் கோர்ட்டுக்கு வராது. கனடாவின் ஒன்டாரியோவில் அதற்குத் தனி வாரியம் உண்டு. தொகைக்கும் உச்சவரம்பு உண்டு: கலிபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக 10,000 பவுண்டு.

2. கணக்கை எழுதுங்கள். கொடுத்த அட்வான்ஸ், திரும்பி வந்தது, பிடித்தது, பிடித்ததற்குச் சொன்ன காரணம். இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். குடியிருந்தால் பெயின்ட் மங்கும், தரைவிரிப்பு தேயும். அது இயல்பான தேய்மானம். அதற்குப் பணம் பிடிக்கக் கூடாது என்பதுதான் பெரும்பாலான இடங்களில் விதி. உடைந்த ஜன்னல் வேறு கதை. நீங்கள் உடைத்திருந்தால் அந்தத் தொகையை நீங்களே கழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள். நியாயமாகக் கேட்கும் ஆளை நீதிபதி நம்புவார்.

3. கடிதம் அனுப்புங்கள். பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். என்னைக் கேட்டால் வழக்கின் பாதி பலம் இங்கேதான். எவ்வளவு தொகை, எதற்காக, எந்தத் தேதிக்குள், தராவிட்டால் வழக்கு. இந்த நான்கும் போதும். கோபத்தை எழுதாதீர்கள், அந்தக் கடிதத்தை நாளை நீதிபதியும் படிப்பார். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் இந்தக் கடிதத்திலேயே பணம் வந்துவிடும்.

4. மனுவில் பெயரைச் சரியாக எழுதுங்கள். வாடகை வாங்க வந்தவர் ஏஜென்டாக இருக்கலாம், வீடு ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கலாம். ஒப்பந்தத்தில் உள்ள பெயரைச் சொத்துப் பதிவோடு ஒத்துப் பாருங்கள். தவறான பெயர்மீது வாங்கும் தீர்ப்பால் பயன் இல்லை.

5. சம்மன் எதிர்த்தரப்புக்கு முறைப்படி போய்ச் சேர வேண்டும். பல இடங்களில் வழக்குப் போட்டவரே நேரில் கொடுத்தால் செல்லாது. யார் கொடுக்கலாம் என்பதைக் கோர்ட் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடலாம். ஒப்பந்தம், பணம் கொடுத்த ஆதாரம், குடியேறிய நாளிலும் காலி செய்த நாளிலும் எடுத்த படங்கள், கடிதம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் மூன்று செட் அச்செடுங்கள். போனில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க அங்கே நேரம் இருக்காது. "இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு வர வேண்டும், காரணம் இது" என்று தொகையிலிருந்தே ஆரம்பியுங்கள். குழாய் ஒழுகிய பழைய சண்டையை இழுக்க வேண்டாம். இன்னொன்று: கலிபோர்னியாவில் வழக்குப் போட்டவர் தோற்றால், அந்தக் கோரிக்கைக்கு அவர் அப்பீல் செய்ய முடியாது. இருப்பது ஒரே வாய்ப்பு.

7. ஜெயித்த பிறகும் வேலை இருக்கிறது. கோர்ட் தானாகப் பணத்தை வசூலித்துத் தராது. வீட்டுக்காரர் தராவிட்டால், அவருடைய வங்கிக் கணக்கிலிருந்தோ சம்பளத்திலிருந்தோ பிடிக்கும் உத்தரவுக்கு நீங்கள்தான் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மாதாமாதம் அவருடைய எந்தக் கணக்குக்கு வாடகை அனுப்பினீர்கள் என்ற விவரம் அப்போது தேவைப்படும். அந்தப் பழைய ரசீதுகளைக் காலி செய்கிற அன்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.