ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று விமானி ஆக நினைக்கிறீர்களா? முதலில் மருத்துவப் பரிசோதனை

முப்பத்தெட்டு வயதில் படையிலிருந்து ஓய்வு பெறுபவர் வணிக விமானி ஆகலாமா? தாராளமாக ஆகலாம். இந்தியாவில் 65 வயது வரை பயணிகள் விமானம் ஓட்ட அனுமதி உண்டு.

ஆனால் பணிக்கொடைப் பணத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பயிற்சிப் பள்ளிக்குப் போகாதீர்கள். முதலில் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 என்ற ஆரம்ப மருத்துவப் பரிசோதனை, அப்புறம் வணிக விமானிகளுக்கான கிளாஸ் 1. படையில் ஷேப்-1 என்ற முழு உடல்தகுதிப் பிரிவில் இருந்தவர்களும் இதைச் செய்தே ஆக வேண்டும். முக்கியமாகக் காது! பீரங்கிச் சத்தத்திலும் இன்ஜின் இரைச்சலிலும் பல வருடம் இருந்தவர்களுக்குக் கேட்கும் திறன் தெரியாமலேயே குறைந்திருக்கலாம். ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நிறக்குருடு, சர்க்கரை, இசிஜி எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது மட்டுமே தடை ஆகாது.

கிளாஸ் 1 சான்று கைக்கு வந்த பிறகு கட்டணம் கட்டுங்கள். மொத்தச் செலவு அரைக் கோடியைத் தாண்டலாம், டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி) தனி. அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்; பலர் இங்கேதான் பாதியில் நிற்கிறார்கள்.

உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். நேவிகேஷன், வானிலையியல், விமான விதிமுறைகள் போன்ற எழுத்துத் தேர்வுகளில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். இவற்றுக்குப் பணியின் கடைசி வருடத்திலேயே படிக்கத் தொடங்கலாம். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது படிப்பது மனதுக்கும் நிம்மதி.