கற்பூரவள்ளித் தைலம்: இலை முறிய வேண்டும்

என் முதல் கற்பூரவள்ளித் தைலம் இரண்டே வாரத்தில் பூசணம் பிடித்தது. பறித்த இலையை அப்படியே நல்லெண்ணெயில் ஊறப்போட்டிருந்தேன். "கிருமியை அடக்கும் இலையாயிற்றே, அதிலேயே பூசணமா?" என்று அம்மா கேட்டார். அவருடைய பித்தவெடிப்புக்காகத்தான் அதைச் செய்தேன்.

இலையைக் கசக்கியதும் எழும் காரமான மணத்துக்குக் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு மணப்பொருள்கள் காரணம். பீட்சாவில் தூவும் ஓரிகானோ இலையின் மணமும் பெரும்பாலும் கார்வக்ரால்தான். வடித்தெடுத்த அடர்ந்த எண்ணெயாக ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்போது இவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்குகின்றன. வீட்டில் ஊறவைக்கும் எண்ணெயில் இறங்குவதோ மிகக் கொஞ்சம். தடித்த அந்த இலையில் பெரும்பகுதி தண்ணீர்; பூசணத்துக்கு அது போதும்.

ஆகவே ஈரத்தைப் போக்குவதுதான் முதல் வேலை. இலையைக் கழுவி, துணியால் ஒற்றி, நறுக்கி, நிழலில் பரப்புங்கள். வெயிலில் போட்டால் மணம் பறந்துவிடும். மதுரை வெக்கையிலேயே எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தடித்த காம்புப் பகுதியை எடுத்து ஒடித்துப் பாருங்கள். சத்தத்தோடு முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும்.

10 கிராம் காய்ந்த இலைக்கு 120 மில்லி செக்கு நல்லெண்ணெய். அதில் இயல்பாகவே உள்ள சீசமால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்து, எண்ணெயில் சிக்கு வாடை வருவதைத் தள்ளிப்போடும். சிலர் வைட்டமின் ஈ சேர்ப்பதும் இதற்காகத்தான். ஆனால் எண்ணெய் கெடாமல் காப்பது வேறு, கிருமியைத் தடுப்பது வேறு. கிருமி விஷயத்தில் இவற்றை நம்பாதீர்கள்.

இலையும் எண்ணெயும் உள்ள எவர்சில்வர் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, சிறு தீயில் இரண்டு மணி நேரம் விடுங்கள். நீராவி கிண்ணத்துக்குள் சொட்டக் கூடாது. இலையைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் கிளம்பினால் ஈரம் மிச்சமிருக்கிறது. அவை அடங்கும்வரை பொறுங்கள். ஆறியதும் உலர்ந்த பருத்தித் துணியில் வடியுங்கள். பிழிய வேண்டாம், கசடு இறங்கிவிடும். ஓர் இரவு அசையாமல் வைத்து, மேல் எண்ணெயை மட்டும் சாய்த்துக்கொள்ளுங்கள்.

அதில் 80 கிராமுக்கு 20 கிராம் தேன்மெழுகைச் சேர்த்து, அதே வெந்நீர்ச் சூட்டில் உருக்கி, நன்கு காய்ந்த டப்பாவில் ஊற்றினால் தைலம் தயார்.

பன்னீர், கற்றாழைச் சாறு சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. தண்ணீர் சேர்ந்தால் அதற்கென உள்ள பதப்படுத்தும் பொருள் கட்டாயம் வேண்டும். இலைச்சாறு அந்த வேலையைச் செய்யாது.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ உங்களுக்கு இது வேண்டாம். இரத்தம் கசியும் வெடிப்பிலும் தடவாதீர்கள். அம்மா இரவில் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு, உலர்ந்த விரலால் எடுத்துத் தேய்க்கிறார். டப்பாவின் மேல் தேதி எழுதி வைக்கிறேன். மூன்று மாதம் ஆனால் கொட்டிவிடுவேன். வாடை மாறினால் அன்றைக்கே.