சைட்பார்ல சோஷியல் நியூஸ் விட்ஜெட் வைக்கறது எப்படி?

ரெடிட், ஹேக்கர் நியூஸ் மாதிரி எடங்கள்ல ஜனங்க ஓட்டு போட்டு மேல ஏத்தற லிங்குகள நம்ம சைட் ஓரத்துலயும் (அதான் சைட்பார்) ஒரு சின்ன பெட்டியா, அதாவது விட்ஜெட்டா, காட்டலாமேன்னு தோணிச்சுன்னா, மொதல்ல என்ன பண்ணுவோம், தேடி கெடைக்கற ஏதோ ஒரு ரெடிமேட் கோட காப்பி பண்ணி ஒட்டிடுவோம். நானும் அதத்தான் செஞ்சேன். நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, ஒரு நாள் அந்த சர்வீஸ் நடத்துனவங்க கடைய மூடிட்டாங்க, என் சைட்ல வெள்ளையா ஒரு காலி டப்பா மட்டும் நிக்குது, அதுவும் படிக்கறவர் ஒருத்தர் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அதனால இப்ப யார் கேட்டாலும் ஆர்எஸ்எஸ் ஃபீட (ஒரு சைட் தன்னோட புது தலைப்பையும் லிங்கையும் மத்த சைட்டும் எடுத்துக்கற மாதிரி தர்ற பட்டியல்) வெச்சு பண்ணுங்கன்னுதான் சொல்றேன். உங்க சைட் வேர்ட்பிரஸ்ல (சைட் நடத்தற சாஃப்ட்வேர்) ஓடுதுன்னா, தனியா பிளகின் (கூடுதலா சேக்கற துணை சாஃப்ட்வேர்) கூட வேண்டாம்.

ஸ்டெப் 1: ஃபீட் அட்ரஸ் எடுங்க. ரெடிட்ல உங்களுக்கு பிடிச்ச சப்ரெடிட் (ஒரு தலைப்புக்குன்னு இருக்கற தனி பக்கம்) அட்ரஸ் கடைசில ஒரு ஸ்லாஷ், ஒரு புள்ளி, அப்புறம் ஆர்எஸ்எஸ்னு இங்கிலீஷ்ல சேத்தா போதும். ஹேக்கர் நியூஸுக்கு news.ycombinator.com/rss.

ஸ்டெப் 2: வேர்ட்பிரஸ் டாஷ்போர்டுல அப்பியரன்ஸ், அதுக்குள்ள விட்ஜெட்ஸ். பிளஸ் குறிய அமுக்கி ஆர்எஸ்எஸ்னு தேடுங்க, வர்ற பிளாக்ல அட்ரஸ ஒட்டுங்க. புது பிளாக் தீம்னா விட்ஜெட்ஸ் மெனுவே இருக்காது, எடிட்டர்னு இருக்கும், அங்க போய் இதையே செய்யுங்க.

ஸ்டெப் 3: இதுலதான் கொஞ்சம் நிதானமா உக்காரணும். பிளாக் மேல கிளிக் பண்ணா வலது பக்கம் செட்டிங்ஸ் தெறக்கும். எத்தனை செய்தின்னு கேக்கும், தானா 5 இருக்கும், 20 வரைக்கும் ஏத்தலாம், ஆனா சைட்பாருக்கு 5 தாண்டுனா யாரும் படிக்க மாட்டாங்கங்கறது என் கணிப்பு. எழுதுனவர் பேர், தேதி, சுருக்கம் மூணுக்கும் தனித்தனி பட்டன். தேதிய மட்டும் ஆன் பண்ணுங்க. சுருக்கம் ஆன் பண்ணா 55 வார்த்தை வரைக்கும் வந்து சைட்பார் அனுமார் வால் மாதிரி நீளும், வேணும்னா 20-க்கு கொறைச்சுக்கோங்க. ஹேக்கர் நியூஸ் ஃபீடுக்கு மட்டும் சுருக்கம் வேண்டவே வேண்டாம், அந்த எடத்துல வெறும் கமெண்ட்ஸ்ங்கற ஒரே வார்த்தைதான் இருக்கும், அஞ்சு தலைப்புக்கும் கீழ அஞ்சு தடவ அதே வார்த்தை நிக்கும், பாக்கவே காமெடியா இருக்கும்.

காலைல வெச்சேன், மத்தியானம் வரைக்கும் அதே செய்திதான் இருக்குன்னு பயப்படாதீங்க. வேர்ட்பிரஸ் ஒரு தடவ எடுத்த ஃபீட 12 மணி நேரம் சேத்து வெச்சுக்கும். அத கொறைக்க ஒரு ஃபில்டர் (கோட் எழுதி வேர்ட்பிரஸோட வழக்கத்த மாத்தற வழி) இருக்கு, கோட் எழுதத் தெரிஞ்சவங்க 43200 செகண்ட (அதான் அந்த 12 மணி நேரம்) 3600 ஆக்கிக்கலாம். புதுசா ஆரம்பிக்கறவங்க அதுல கை வைக்காதீங்க.

ஸ்டெப் 4: அழகு பண்ணலாம். அதே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு பகுதில சிஎஸ்எஸ் (பக்கத்தோட தோற்றத்த சொல்ற கோட்) கிளாஸ் பேர் குடுக்க எடம் இருக்கு. ஏதாவது ஒரு பேர் வெச்சு, அந்த பேருக்கு எழுத்து அளவு 14 பிக்சல், வரிக்கு கீழ மெல்லிசா ஒரு கோடு, லிங்குக்கு உங்க தீம் கலர், இவ்ளோ குடுத்தாலே சைட்டோட ஒட்டிப்போயிடும்.

ஃபீடே இல்லாத எடம்னா ஐஃப்ரேம் (நம்ம பக்கத்துக்குள்ள இன்னொரு பக்கத்த காட்டற ஜன்னல்)தான் வழி. அகலத்த 300 பிக்சல்னு எழுதாம 100 சதவீதம்னு போடுங்க, இல்லன்னா ஒடுங்கலான எடத்துல வலது பக்கம் பிதுங்கும். லோடிங் லேசின்னு ஒரு வார்த்தை சேத்துட்டா, ஸ்க்ரோல் பண்ணி கிட்ட வந்தப்பறம்தான் அது லோடாகும். சேவ் பண்ணதும் போன்ல ஒரு தடவ தெறந்து பாருங்க, நெறைய தீம்ல சைட்பார் போன்ல பக்கத்தோட அடிக்கு போயிடும்.