பைனாகுலரில் படுத்த எட்டு தெரிகிறதா?

சினிமாவில் யாராவது பைனாகுலரைக் கையில் எடுத்தாலே, திரையில் இரண்டு வட்டம் ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கும் எட்டு மாதிரி ஒரு காட்சி வரும். சுத்தப் பொய். சரியாக வைத்த பைனாகுலரில் ஒரே ஒரு வட்டம்தான் தெரியும். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் காலையில் பறவை பார்க்க வருகிறவர்களிடம் எத்தனை வட்டம் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள், "ரெண்டு, அப்படித்தானே தெரியணும்?" என்று திருப்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நடுவில் உள்ள கீலை மடக்கிப் பையில் போடுவதற்கென்று நினைத்துக்கொள்வதால் வரும் வினை இது. பெரியவர்களுக்கு இரண்டு கண்பாவைகளுக்கும் நடுவே சராசரியாக 63 மி.மீ. இடைவெளி, ஆனால் ஆளுக்கு ஆள் 54 முதல் 74 வரை மாறும். உங்கள் இடைவெளிக்கு வரும்வரை கீலை மடக்கி விரித்துப் பாருங்கள், இரண்டு வட்டமும் ஒன்றாகிவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து வாங்கினால் மறுபடி முதலிலிருந்து.

அடுத்தது நானே மூன்று வருடம் செய்த தவறு. வலது கண்வில்லையின் அடியில் ஒரு சின்ன வளையம் இருக்கும், டயாப்டர் என்பார்கள், சில மாடல்களில் வேறு இடத்தில் இருக்கும். நான் அதைத் தொட்டதே இல்லை. நம் இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நானோ காட்சியைத் தெளிவாக்கும் நடுச் சக்கரத்தை மட்டும் திருகித் திருகி, ஒரு கண் தெளிவாகவும் இன்னொன்று மங்கலாகவும் பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் தலைவலி வந்ததும் பைனாகுலரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மொட்டை மாடிக்குப் போய், நாலு வீடு தள்ளி இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் எழுத்தைக் குறிவையுங்கள். வலது பக்க முன்வில்லையைக் கையால் மூடிவிட்டு, இடது கண்ணுக்கு நடுச் சக்கரத்தால் எழுத்தைத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல் அந்த வளையத்தை மட்டும் திருப்புங்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், திறந்திருக்கும் கண்ணும் சேர்ந்து சுருங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பிறகு நடுச் சக்கரம் மட்டும்தான் வேலை.

இவ்வளவு செய்தும் தலை வலிக்கிறதா? எங்காவது கீழே விழுந்திருக்கும். உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் பட்டகம் (ப்ரிஸம்) கொஞ்சம் நகர்ந்தால் இரண்டு குழாயும் வெவ்வேறு திசையைப் பார்க்கும். ஒரு படம் மேலே, ஒரு படம் கீழே என்று வந்தால் ரொம்ப மோசம், ஏனென்றால் ஒரு கண்ணை மட்டும் தனியாக மேலே தூக்க நம்மால் கிட்டத்தட்ட முடியாது, இருந்தும் மூளை இரண்டையும் ஒட்டவைக்கப் போராடிக்கொண்டே இருக்கும். மின்கம்பியைப் பார்த்தபடி பைனாகுலரை மெதுவாகக் கண்ணிலிருந்து கொஞ்சம் விலக்குங்கள், இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே உயரத்தில் இல்லையென்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம்.

வாங்கும்போது பெரிய எண்ணைத் தேடுவது இன்னொரு தவறு. 8x42 என்றால் 8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். 8x25-இல் அது 3 மி.மீ.க்குச் சற்று மேல். நல்ல வெயிலில் கண்பாவையே சுருங்கிவிடுவதால் வித்தியாசம் தெரியாது, சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் தெரியும். 10 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். உள்ளங்கை அளவுப் பொருளில் 30x60 என்று அச்சடித்திருந்தால் கடையிலேயே ஒரு ஸ்கேலை முன்வில்லையில் வைத்து அளந்து பாருங்கள், 60 மி.மீ. என்பது 6 செ.மீ.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்வில்லையின் ரப்பர் கப்பைக் கீழே இறக்கிவிட வேண்டும், போடாதவர்கள் உயர்த்திக்கொள்ளலாம்.

சென்னைக்கென்றே உள்ள தவறு, தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைப்பது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வில்லைக்குள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பா, கூடவே சிலிக்கா ஜெல், அவ்வளவு போதும். பெசன்ட் நகர் கடற்கரையில் பார்த்துவிட்டு வேட்டி நுனியால் துடைக்காதீர்கள், மணல் வில்லையில் கோடு போட்டுவிடும். முதலில் ஊதித் தள்ளுங்கள், பிறகு வில்லைத் துணி.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போது சென்னையில் பகுதி கிரகணம் தெரிந்தது. அந்த மாதிரி நாளில் கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன்மேல் பைனாகுலரை வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குவிந்து வரும் வெயில் அந்தக் கண்ணாடியையே பொசுக்கிக் கண்ணுக்குள் போய்விடும். சூரிய வடிகட்டியை இரண்டு முன்வில்லைகளுக்கும் முன்னால்தான் மாட்ட வேண்டும், அது இல்லையென்றால் பைனாகுலரை சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு "தெரியுதா, தெரியுதா?" என்று நச்சரிப்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அவர்கள் கண் இடைவெளி குறைவு, பல பைனாகுலர்கள் 56 மி.மீ.க்குக் கீழே மடங்கவே மடங்காது. எங்கள் அக்கா பையன் ஒவ்வொரு தடவையும் "தெரியுது மாமா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான், ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும் ஒற்றைக் குழாயைக் கையில் கொடுத்த பிறகுதான் நாரைக்கு மஞ்சள் அலகு என்றான்.