கப்பிட்டல் எழுத்து: எங்கே போடுவது, எங்கே விடுவது

கொக்குவிலில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கொப்பி திருத்தும்போது என் சிவப்புப் பேனை அதிகம் ஓடுவது கப்பிட்டல் எழுத்துகளில்தான். தமிழில் யாழ்ப்பாணம் என்று எழுதினாலும் பனைமரம் என்று எழுதினாலும் எழுத்து ஒரே அளவு. அதனால் நம் பிள்ளைகளுக்கு இது தானாக வராது, யோசித்துத்தான் வரவேண்டும்.

வசனத்தின் முதல் எழுத்து கப்பிட்டல். 'நான்' என்பதற்கு எழுதும் ஐ, வசனத்தின் நடுவில் வந்தாலும் கப்பிட்டல். மை, மீ இரண்டும் சிம்பிள், அதாவது சின்ன எழுத்து. இவை எல்லோருக்கும் தெரியும்.

தடுமாற்றம் பெயர்களில் வருகிறது. சொல்லைப் பார்த்துக் கேளுங்கள்: இது ஒரு வகையைச் சொல்கிறதா, ஒன்றேயொன்றின் பெயரா? 'பின்னேரம் லைப்ரரிக்குப் போனேன்' என்று எழுதும்போது லைப்ரரியின் எல் சிம்பிள். 'ஜஃப்னா பப்ளிக் லைப்ரரி' என்று முழுப்பெயர் எழுதினால் மூன்று சொல்லும் கப்பிட்டலில் தொடங்கும். காரைநகரில் கடலோரம் நிற்கும் கசூரினா, மரமாக இருக்கும்வரை சிம்பிள் சீ. கசூரினா பீச் என்று கடற்கரையின் பெயரானதும் சீ, பீ இரண்டும் கப்பிட்டல். 1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் ஆங்கிலப் பெயர் மோர்ணிங் ஸ்டார். பத்திரிகையைச் சொன்னால் எம், எஸ் கப்பிட்டல், விடியற்காலை வானத்தில் தெரியும் விடிவெள்ளியைச் சொன்னால் சிம்பிள். 'ஜஃப்னா மாங்கோ' என்றால்? ஊர்ப் பெயர் கப்பிட்டல், மாம்பழம் சிம்பிள். இந்த உதாரணங்களை ஒரு பிள்ளை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்பேன்.

திசைகளுக்கும் இதே கேள்விதான். நோதேர்ன் புரொவின்ஸ் என்பது மாகாணத்தின் பெயர், ஆகவே கப்பிட்டல். 'வீட்டுக்கு வடக்கே கிணறு இருக்கிறது' என்றால் நோர்த் சிம்பிள்.

மொழி, இனம், சமயம், நாட்டுப் பெயர்கள் எப்போதும் கப்பிட்டல். தமிழ் என்பதைச் சிம்பிள் ரீயில் எழுதியிருந்தால் எனக்கு மனம் பொறுக்காது, வட்டம் போட்டுவிடுவேன். பாடங்களில் மொழிப்பாடங்களுக்குத்தான் இந்த மரியாதை. 'எனக்கு சயன்ஸ் பிடிக்கும்' என்று கட்டுரையில் எழுதும்போது சயன்ஸ் சிம்பிள். கிழமைகள், மாதங்கள், தைப்பொங்கல், தீபாவளி, நத்தார் எல்லாம் கப்பிட்டல். மொன்சூன், சமர் போன்ற பருவங்கள் சிம்பிள்.

உறவுமுறையில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'மை மதர்' என்றால் எம் இரண்டும் சிம்பிள். மை இல்லாமல், பெயர் சொல்வதுபோல 'மதர் சொன்னா' என்று வந்தால் கப்பிட்டல். பிள்ளைகள் கட்டுரையில் அம்மா, அப்பா என்றே ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். அதுவும் நல்லதுதான், விதி மாறாது. பிரின்சிபல், டொக்டர் போன்ற பதவிகளும் அப்படியே: ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் கப்பிட்டல், தனியே தொழிலாக வந்தால் சிம்பிள்.

கடிதம் எழுதுபவர்களுக்கு ஒன்று. 'டியர் சேர்' என்பதில் இரண்டு சொல்லும் கப்பிட்டல். முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்பதில் வை மட்டும் கப்பிட்டல், எஃப் சிம்பிள். வேலைக்கு விண்ணப்பிக்கும் பெரிய பிள்ளைகள்கூட இதில் தவறுகிறார்கள். 'பிளொக் கப்பிட்டலில் நிரப்புக' என்று படிவத்தில் இருந்தால் முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அந்தப் பழக்கத்தை வட்ஸ்அப்புக்குக் கொண்டுபோகாதீர்கள், வாசிப்பவருக்கு நீங்கள் கத்துவதுபோல இருக்கும்.

கையெழுத்தில் இன்னொரு சிக்கல். சீ, ஓ, எஸ், வீ, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகியவற்றில் கப்பிட்டலுக்கும் சிம்பிளுக்கும் உருவம் ஒன்று, அளவுதான் வேறு. விதி தெரிந்த பிள்ளையும் சொல்லின் நடுவில் எஸ்ஸைப் பெரிதாக எழுதிவிடும், திருத்துபவர் அதைப் பிழையாகத்தான் எடுப்பார். நாலு கோட்டுக் கொப்பியில் இந்த ஏழு சிம்பிள் எழுத்துகளையும் நடு இரண்டு கோட்டுக்குள் அடக்கி எழுதிப் பழகுங்கள்.

எழுதி முடிந்ததும் கப்பிட்டலுக்காக மட்டும் இன்னொரு தடவை வாசியுங்கள். வசனத்தின் நடுவில் நிற்கும் ஒவ்வொரு கப்பிட்டலிலும் பென்சிலை வைத்து, 'இது யாருடைய, எதனுடைய பெயர்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சிம்பிளாக மாற்றுங்கள். மேலே சொன்ன ஐக்கு மட்டும் இந்தக் கேள்வி தேவையில்லை.